சாம்பியன்கள் எங்கே போனார்கள்?

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடமே எதிரணியின் கோல் விழுந்துவிட்டது. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் அதிர்ந்து நின்றது. 2019 மார்ச் 9. ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி கையில் 40 புள்ளிகள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலிடம் 39. எதிரே நிற்பது நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கோப்பை உறுதி. தோற்றால், நூற்றாண்டைத் தொடவிருந்த கொல்கத்தாக் கிளப் அதைத் தட்டிக்கொண்டு போகும்.

இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கிடைத்தது. பெட்ரோ மான்ஸி அடித்தார். கோல். அந்த சீசனில் அவருக்கு அது 21-வது. பிறகு தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா ஒன்றல்ல, இரண்டு கோல்கள் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் மீண்டு வந்து 2-1 என ஜெயித்தும் பயனில்லாமல் போனது. இறுதிக் கணக்கு 43-க்கு 42. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று இந்தியாவின் தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. கேலரியில் இருந்தவர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்கள்.

அந்தக் கிளப் 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. ஜெயித்த கோப்பைக்குப் பரிசாக மேல்தளமான இந்தியன் சூப்பர் லீக்குக்குள் (ஐஎஸ்எல்) நுழையும் உரிமையும் கிடைக்கவில்லை. காரணம், அன்றைய விதிப்படி அப்படி ஒரு வழியே கிடையாது.

இந்தியத் தொழில்முறைக் கால்பந்துக்கு வயது முப்பது. அந்த முப்பது ஆண்டுகளில் கோப்பை தூக்கிய கிளப்புகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. மூடப்பட்டவை, விலகியவை, ஊர் மாறியவை, பெயர் மாறியவை என்று பட்டியல் நீள்கிறது. சாம்பியனே பிழைக்க முடியாத ஒரு லீக்கில் கோளாறு வீரர்களிடமோ ரசிகர்களிடமோ இல்லை. லீக் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கம்பெனிகள் ஆடிய காலம்

1996-க்கு முன் இந்தியாவில் தேசிய அளவில் லீக் கிடையாது. கொல்கத்தா லீக், கோவா லீக், சென்னை லீக் என ஊருக்கு ஒன்று. அதற்கு மேல் சந்தோஷ் டிராபி, டூரண்ட் கோப்பை, ஃபெடரேஷன் கோப்பை போன்ற போட்டிகள். 1996-97-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 12 அணிகளுடன் தேசியக் கால்பந்து லீக்கைத் தொடங்கியது. முதல் கோப்பை பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜேசிடி மில்ஸுக்கு. பாய்ச்சுங் பூட்டியா 14 கோல்கள் அடித்தார். அதே அணியில் ஐ.எம்.விஜயனும் இருந்தார். சென்னையின் பிரதிநிதியாக இந்தியன் வங்கி ஆடியது. அடுத்த சீசனில் அதிக கோல் அடித்தவர் ஒரு தமிழர்: எஃப்சி கொச்சினுக்காக ஆடிய ராமன் விஜயன்.

துணி ஆலை, வங்கி, வாகன நிறுவனம் என்று கம்பெனிகளே பல அணிகளை நடத்தின. நிர்வாகத்துக்கு ஆர்வம் இருக்கும்வரை பணம் வரும். டிக்கெட்டோ ஜெர்சி விற்பனையோ அணியைத் தாங்கவில்லை. 2007-ல் 'ஐ-லீக்' என்று பெயர் மாறியது. கோவாவின் டெம்போ முதல் சாம்பியன் ஆனது. பெயர் மாறியதே தவிர பணம் வரும் வழி மாறவில்லை. 2005-06 சாம்பியனான மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. முதல் சாம்பியன் ஜேசிடி அடுத்த ஆண்டே கடையைக் கட்டியது.

700 கோடி ஒப்பந்தம்

இன்றைய நெருக்கடியின் வேர் 2010 டிசம்பரில் இருக்கிறது. சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமும் கைமாறின. பின்னர் அதே குழுமத்தின் எஃப்எஸ்டிஎல் நிறுவனம் இந்தியன் சூப்பர் லீக்கை உருவாக்கியது.

2014 அக்டோபர் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் தொடக்கம். எட்டு நகரங்கள், எட்டு ஃபிரான்சைஸ்கள். திரை நட்சத்திரங்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் உரிமையாளர்கள். டெல்லிக்கு டெல் பியரோ, புனேவுக்கு ட்ரெஸெகே, கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ், சென்னைக்கு எலானோ. அபிஷேக் பச்சனும் தோனியும் இணைந்த சென்னையின் எஃப்சி-க்கு இத்தாலியின் மார்கோ மடெராஸி பயிற்சியாளர். டிசம்பர் 20 அன்று இறுதிப்போட்டி. லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள்தான்.

இந்த லீக் செய்த நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயம் ஆகாது. அதுவரை காலி கேலரி முன் ஆடிய இந்திய வீரர்கள் நிரம்பிய அரங்கில் ஆடினார்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. சம்பளம் உயர்ந்தது. சிகிச்சை, உணவு, உடற்பயிற்சி ஆகிய எல்லாவற்றிலும் தரம் கூடியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேவில் ஆடவேண்டிய நிலை சென்னையின் எஃப்சி-க்கு. கோவாவில் நடந்த இறுதியில் 89-வது நிமிடத்தில் 1-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் கிடைத்து 3-2 என வென்றபோது, வீட்டில் சேறு வாரிக்கொண்டிருந்தவர்கள்கூட வெற்றியைக் கொண்டாடினார்கள். 2018-ல் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் படைகள் சென்னையில் பிறந்தது இந்த லீக்கால்தான்.

ஆனால் தேசிய லீக்கான ஐ-லீக் அதே நேரத்தில் உயிரோடு இருந்தது. அதற்கு என்ன ஆனது?

ஒரே நாடு, இரண்டு லீக்

முதல் மூன்று ஆண்டுகள் வீரர்கள் இரண்டிலும் ஆடினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஐஎஸ்எல், பிறகு ஐ-லீக். விளம்பரதாரர்களும் தொலைக்காட்சியும் எந்தப் பக்கம் போவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 2016-ல் கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா மூன்றும் ஐ-லீக்கிலிருந்து விலகின. டெம்போ ஐந்து முறை தேசியச் சாம்பியன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோவாக் கிளப்புகள் போனதால் இடங்கள் காலியாயின. முந்தைய சீசனில் கீழிறக்கப்பட்டிருந்த மிசோரமின் ஐஸால் எஃப்சி-யை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 டிரா செய்து அந்த ஐஸால் சாம்பியன் ஆனது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாத, மலையுச்சி நகரத்தின் சின்ன கிளப் அது. அணியின் பயிற்சியாளர் காலித் ஜமீல் இன்று இந்திய அணிக்கே பயிற்சியாளர். வேறு நாடாக இருந்தால் அந்த வெற்றி கிளப்பின் தலைமுறைகளை மாற்றியிருக்கும். இங்கேயோ, அடுத்த சீசனில் மேல்தளத்தில் இடம் தரவேண்டும் என்று சாம்பியன் கிளப் கெஞ்சிப் போராட வேண்டியிருந்தது. இடம் தரப்படவில்லை. ஜாம்ஷெட்பூர், பெங்களூரு எஃப்சி இரண்டும் 2017-ல் ஐஎஸ்எல்-லில் சேர்ந்தன. புதிய ஃபிரான்சைஸுக்கான ஏலத்தின் மூலம்.

மைதானத்தில் ஜெயித்தவருக்கு இல்லாத கதவு, பணம் கட்டியவருக்குத் திறந்தது. 2019-ல் சென்னை சிட்டிக்கு நேர்ந்ததும் இதுவே.

---

பெட்டிச் செய்தி: கோப்பைக்குப் பிறகு

ஜேசிடி (1996-97 சாம்பியன்): 2011-ல் மூடல்.
மஹிந்திரா யுனைடெட் (2005-06): 2010-ல் மூடல்.
டெம்போ (ஐந்து முறை): 2016-ல் விலகல். 2024-25-ல்தான் ஐ-லீக்குக்குத் திரும்பியது.
பெங்களூரு எஃப்சி (2013-14, 2015-16): 2017-ல் ஐஎஸ்எல்-லுக்கு மாறியது.
மினர்வா பஞ்சாப் (2017-18): 2020-ல் கைமாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், 2023 முதல் பஞ்சாப் எஃப்சி.
சென்னை சிட்டி (2018-19): 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை.
மோகன் பகான் (2019-20): கொல்கத்தாவின் ஐஎஸ்எல் அணியான ஏடிகே-வுடன் இணைந்து 2020-ல் ஐஎஸ்எல்-லுக்கு.
ஹைதராபாத் எஃப்சி (ஐஎஸ்எல் 2021-22): 2025-ல் டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது.

---

ஊர் மாறும் கிளப்

உலகின் பெரும்பாலான லீக்குகளில் மேல்தளத்தில் கடைசியாக முடிக்கும் அணி கீழே இறங்கும். கீழ்தளத்தில் முதலில் முடிப்பது மேலே வரும். புரமோஷன், ரெலிகேஷன் என்பது இதைத்தான். அமெரிக்காவின் எம்எல்எஸ் போன்ற சில லீக்குகளே விதிவிலக்கு. அங்கே கிளப் என்பது லீக் விற்கும் உரிமம். இந்தியா அமெரிக்க வழியை எடுத்தது. அமெரிக்காவில் அந்த வழியைத் தாங்கும் பணமும் சந்தையும் உண்டு. இங்கே தொடக்கம் முதல் பெரும்பாலான ஐஎஸ்எல் கிளப்புகள் நஷ்டத்தில்தான் ஓடின.

நஷ்டத்தில் ஓடும் உரிமத்தை உரிமையாளர் என்ன செய்வார்? நகர்த்துவார், விற்பார், விட்டுவிடுவார். டெல்லி டைனமோஸ் 2019-ல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி மறைய, அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. மூன்றே ஆண்டில் ஹைதராபாத் சாம்பியன். அதற்கு அடுத்த ஆண்டுகளில் சம்பள பாக்கி, வீரர்கள் வெளியேற்றம். 2025-ல் கிளப் டெல்லிக்குப் போய்விட்டது. புனேயில் கொடி பிடித்த ரசிகரும், ஹைதராபாத்தில் கோப்பையைத் தொட்டுப் பார்த்த சிறுவனும் இன்று எந்த அணிக்குக் கைதட்டுவார்கள்? கால்பந்துக் கிளப்பை ஊரிலிருந்து பிரித்தால் மிஞ்சுவது ஜெர்சியும் நிறமும் மட்டுமே. நூற்றாண்டு கடந்தும் மோகன் பகான் நிற்பதற்குக் காரணம் அது கொல்கத்தாவின் வீடுகளுக்குள் இருப்பதுதான். 2020-ல் ஏடிகே-வுடன் இணைத்து 'ஏடிகே மோகன் பகான்' என்று பெயர் வைத்தபோது ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2023-ல் அந்த முன்னொட்டு போனது.

ஜப்பானைப் பார்ப்போம். 1993 மே 15 அன்று பத்துக் கிளப்புகளுடன் ஜே-லீக் தொடங்கியது. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரோடு ஆடவேண்டும் என்பது முதல் நிபந்தனை. அங்கும் தொடக்க ஆண்டுகளில் கீழிறக்கம் இல்லை. 1999-ல் இரண்டாம் தளத்தை உருவாக்கிக் கதவைத் திறந்தார்கள். இன்று மூன்று தளங்களில் 60 கிளப்புகள். 1998-ல் யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் என்ற கிளப்பைப் போட்டிக் கிளப்போடு இணைப்பதாக அறிவித்தபோது, ஏற்க மறுத்த ரசிகர்கள் யோகோஹாமா எஃப்சி என்று புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். கீழிருந்து ஆடி ஆடி அந்தக் கிளப் 2007 சீசனில் முதல் தளத்துக்கு வந்துவிட்டது. லீக்கின் அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது. கோவையில் 2019-ல் ஓடிவந்து ஆடுகளத்தைச் சூழ்ந்த ரசிகர்கள் நாளை ஒரு கிளப் தொடங்கினால், அது எத்தனை ஆண்டில் மேல்தளத்துக்கு வரும்? விடை சொல்ல இங்கே யாராலும் முடியாது.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோலாலம்பூரில் ஒரு வழித்திட்டம் வகுத்தது. ஐஎஸ்எல் முதல் தளம். 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் கட்டணமின்றி மேலே வரலாம். 2024-25 முதல் ஏற்றமும் இறக்கமும் முழுமையாக அமலாகும். இதில் பாதிதான் நடந்தது. பஞ்சாப் 2023-லும், முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-லும் மேலே வந்தன. கீழிறக்கம் வரவில்லை. மேலே வந்த முகமதன் முதல் சீசனிலேயே 13 அணிகளில் 13-வதாக முடித்தது, தன் இடத்திலேயே இருந்தது.

கோல் அடிக்க ஆள் இல்லை

லீக்கின் வடிவம் தேசிய அணியை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு ஒரே ஒரு தகவல் போதும். 2014 முதல் 2025 வரை 11 ஐஎஸ்எல் சீசன்கள். அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் 11 முறையும் வெளிநாட்டு வீரருக்கே. முதல் ஆண்டுகளில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017-ல் ஐந்து, 2021-ல் நான்கு என்று குறைத்தார்கள். எண்ணிக்கை குறைந்தாலும் கிளப்புகள் அவர்களை நிறுத்தியது முன்வரிசையில்தான். கோல் அடிக்கும் இடம் வெளிநாட்டவருக்கு, தடுக்கும் இடமும் ஓரமும் இந்தியருக்கு. ரெலிகேஷன் இல்லாத லீக்கில் இளம் இந்திய ஸ்ட்ரைக்கருக்குத் துணிந்து வாய்ப்பு கொடுத்திருக்கலாம், கொடுத்தவர்கள் குறைவு.

விளைவு தெரிந்ததே. 2017 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 96-வது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142. ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. அழைத்தும், சொந்த மண்ணில் சிங்கப்பூரிடமும் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. சேத்ரியோ 2024-25 ஐஎஸ்எல்-லில் 14 கோல்கள் அடித்திருந்தார். இந்தியர்களில் அவர்தான் முதலிடம். இது அவருக்குப் பெருமை. அவருக்குப் பின் வந்த தலைமுறையை வளர்க்காத எங்கள் கால்பந்துக்கு இது தாங்க முடியாத தலைகுனிவு.

ஆட்டம் இல்லாத பத்து மாதங்கள்

2025 ஏப்ரல் 12 அன்று மோகன் பகான் பெங்களூருவை 2-1 என வென்று கோப்பை தூக்கியது. அத்துடன் லீக் நின்றது.

700 கோடி ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிய இருந்தது. சம்மேளனத்தின் புதிய அமைப்புவிதி குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் புதுப்பிக்கும் பேச்சு நடக்கவில்லை. ஒப்பந்தம் பாதி சீசனில் முடிந்துவிடும் என்பதைக் காரணம் காட்டி, ஜூலை 11-ல் எஃப்எஸ்டிஎல் அடுத்த சீசனை நிறுத்திவைத்தது. ஒரு நாட்டின் முதன்மை லீக் ஒரே ஒரு வணிக ஒப்பந்தத்தின் மேல் நின்றது என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சி-யும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. ஒடிசாவிலும் அதே நிலை. செப்டம்பர் 19-ல் உச்ச நீதிமன்றம் அமைப்புவிதிக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி, முதல் தள லீக் சம்மேளனத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும், ஏற்ற இறக்கமும் வேண்டும். பிறகு டெண்டர் வந்தது: 15 ஆண்டுகள், ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் கெடு முடிந்தது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

140 கோடிப் பேர் வாழும் நாட்டின் கால்பந்து லீக்கை எடுத்து நடத்த ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை.

சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள் 2026 ஜனவரி முதல் வாரத்தில் காணொளியில் வந்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வேண்டினார்கள். தேசிய அணியின் தூண்கள் வேலை கேட்டு நிற்கும் காட்சி அது. கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் அட்ரியன் லூனா லோனில் இந்தோனேசியாவுக்குப் போனார். மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி ஃபுட்பால் குரூப், 2019 முதல் கையில் வைத்திருந்த மும்பை சிட்டியின் பங்குகளைக் கைவிட்டு வெளியேறியது.

பெயர் தெரிந்த வீரர்களாவது சேமிப்பில் ஓட்டலாம். கிட்-மேன், பிசியோதெரபிஸ்ட், வீடியோ பார்த்து அறிக்கை தயாரிப்பவர், அகாடமிப் பயிற்சியாளர், மைதானப் பணியாளர், விடுதிச் சமையல்காரர் என ஒவ்வொரு கிளப்பைச் சுற்றியும் வாழும் இவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அகாடமி ஓராண்டு மூடப்பட்டால் பதினாறு வயதுப் பையன் அந்த வயதை மீண்டும் பெறமாட்டான்.

---

பெட்டிச் செய்தி: லீக் எப்படி ஆடப்படுகிறது?

2014: எட்டு அணிகள். ஒவ்வொருவருக்கும் 14 ஆட்டங்கள், அரையிறுதி, இறுதி.
2019-20: லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்குத் தனியாக 'ஷீல்டு'. முதலில் வென்றது கோவா. அதனால் 2021-ல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்தியக் கிளப் ஆனது.
2020-22: கொரோனாவால் இரண்டு சீசன்கள் கோவாவில் மட்டும்.
2022-23: முதல் இரு அணிகள் நேராக அரையிறுதிக்கு, 3 முதல் 6 வரை வந்தவை நாக்-அவுட்.
2024-25: 13 அணிகள், தலா 24 ஆட்டங்கள்.
2025-26 அறிவிப்பு: 14 அணிகள், ஒவ்வோர் எதிரணியுடனும் ஒரே முறை, மொத்தம் 91 ஆட்டங்கள்.

---

மீண்டும் ஸ்போர்ட்ஸ் கோட்டா?

சென்னையில் கால்பந்து ஆடிய முந்தைய தலைமுறைக்கு இலக்கு ஒன்றுதான்: வேலை. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை ஆகிய ஏதாவது ஓர் அணியில் இடம் கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், முழங்கால் போன பிறகும் பென்ஷன். வியாசர்பாடியில், கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் அம்மாக்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பியதற்கு இந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா முக்கியமான காரணம்.

ஐஎஸ்எல் வந்த பிறகு கணக்கு மாறியது. கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் மின்னி, ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகே-வுக்கும் போனார். சென்னையின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2019 கோப்பைக்குப் பின் சென்னையின் எஃப்சி-யில் சேர்ந்தார். சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரே கோல் போட்டுக் கொல்கத்தாவின் ஒரு பாதியைத் தலையில் வைத்துக் கொண்டாட வைத்தார். சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சி-யில் ஆடி, 2022-23 ஐஎஸ்எல்-லின் வளரும் வீரர் விருது பெற்றார். அரசு வேலையை விட்டும், வேண்டாம் என்று சொல்லியும் கிளப் ஒப்பந்தத்தை நம்பி வந்த தலைமுறை இது.

சூசைராஜ், எட்வின், நந்தகுமார் மூவரும் கடந்து வந்த வாசல் சென்னை சிட்டி. அந்த வாசல் இப்போது இல்லை. அடுத்த சூசைராஜ் கடற்கரையிலிருந்து நேராக ஐஎஸ்எல்-லுக்குத் தாவ முடியாது. இடையில் ஒரு படி வேண்டும்; மூன்று, நான்கு ஆண்டுகள் தோற்று, கற்று, தடித்து வளர ஒரு கிளப் வேண்டும். சம்பளம் நின்ற இந்தப் பத்து மாதங்களைப் பார்த்த பெற்றோர், பந்தைக் கீழே போடு, தேர்வுக்குப் படி என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் கால்பந்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கின் சாம்பியன். ஒரே ஆண்டில் ஆண்கள், பெண்கள் இரு தேசிய லீக்குகளும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதைக் கொண்டாடிய சத்தம் அன்றே அடங்கிவிட்டது. மகளிர் லீக்கைப் பார்க்கும் ஊடகமும் இல்லை, ஊக்குவிக்கும் நிறுவனமும் அரிது. ஆண்கள் லீக்கே தடுமாறும் இடத்தில் பெண்களின் சம்பளம் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போகிறது.

91 ஆட்டங்கள், அதற்குப் பிறகு?

2026 ஜனவரி 6-ல் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர், லீக் பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று அறிவித்தார். ஐ-லீக் பட்டம் குறித்த பஞ்சாயத்துகள் முடிந்து, சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவால் 2024-25 சாம்பியன் என்று உறுதியான இன்டர் காசி 14-வது அணி. ஆடுவது என்று தீர்மானித்தது நல்லதே. ஆடாத கால்பந்தைவிட எந்தக் கால்பந்தும் மேல். ஆனால் ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள் என்பது சீசன் ஆகாது. ஆசியக் கூட்டமைப்பு தன் போட்டிகளுக்கு வரும் கிளப்புகள் ஆண்டுக்குக் குறைந்தது 24 ஆட்டங்கள் ஆடியிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பாதி ஆட்டங்களோடு ஒரு தலைமுறை வீரர்களின் சிறந்த ஆண்டு கழிகிறது.

இப்போது செய்யவேண்டியவை கடினமானவை, ஆனால் தெளிவானவை. கிளப்புகளுக்கு லீக்கின் நிர்வாகத்தில் பங்கு வேண்டும். ஒளிபரப்பிலிருந்து வரும் பணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் அவர்களுக்குப் பங்கு எழுத்தில் வேண்டும். சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் ஆறு மாதச் சம்பளத்தையாவது வைப்புத்தொகையாகக் கட்டவேண்டும். உரிமம் கைமாறினாலும் ஊர் மாறக்கூடாது என்ற விதி வேண்டும். அமைப்புவிதியில் இருக்கும் கீழிறக்கத்தை மறுபடியும் ஒத்திப்போடக் கூடாது. முதல் முறை கீழே இறங்கும் கிளப்புக்கு வலிக்கும், அதன் உரிமையாளர் நீதிமன்றம் போகலாம். போகட்டும். இரண்டாம் தளத்தில் இருக்கும் ஊர்களின் நம்பிக்கை அந்த ஒரு வழக்கைவிடப் பெரியது.

தமிழ்நாட்டுக்கும் வேலை இருக்கிறது. 2023-ல் தொடங்கிய ஐ-லீக் 3-க்கு மாநிலச் சங்கங்கள்தான் கிளப்புகளைப் பரிந்துரைக்கின்றன. அங்கிருந்து ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக், அதன் மேலே ஐஎஸ்எல். காகிதத்தில் வழி முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்த வழியின் முதல் படியான மாநில லீக் இன்னும் பெருமளவு சென்னை லீக்காகவே இருக்கிறது. கோவை, மதுரை, திருச்சி, கன்னியாகுமரி ஆகிய ஊர்களின் கிளப்புகள் சொந்த மைதானத்தில் ஒரு பாதி, வெளியூரில் ஒரு பாதி என்று ஆடும் மாநில லீக்கை நடத்த மைதானங்கள் நம்மிடம் உண்டு. கோவை நேரு ஸ்டேடியம் அப்படியே இருக்கிறது. கன்னியாகுமரியின் தூத்தூர் பக்கத்து மணல் திடல்களில் ஒவ்வொரு மாலையும் ஆட்டம் நடக்கிறது. மாநிலச் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த சீசனுக்கே அட்டவணை போட முடியும்.